குடும்பத்தோடு பாய்ப்படகு ஏற நம் மாவட்டத்தில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். ஆரம்பப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். அப்பா கட்டுமரக்காரர். அவருக்கு வயது 83. குவைத், மும்பை, சென்னை, தூத்துக்குடி என்று சிதறிக் கிடக்கிற எங்கள் குடும்பம் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரில் கூடுகிறது. கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர், மாப்பிள்ளைகள், மருமகள்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்த்தால் 27 பேர். கடைக்குட்டிப் பேரனுக்கு நாலு வயது. எல்லோரும் அப்பாவோடு ஒரு நாள், பாய் விரித்த படகில் போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அந்த ஏற்பாட்டுக்காக நாலு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன். பட்டதை எழுதினால் எங்களைப்போல் திட்டம் போடுகிற குடும்பங்களுக்கு உதவும், முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் கண்ணிலும் படும் என்றுதான் இந்தக் கடிதம்.

கடல்காரன் மகளாக இருந்தும் நான் கடலில் போனதில்லை. எங்கள் கரையில் பெண்கள் கட்டுமரத்தில் ஏறும் வழக்கம் கிடையாது. அம்மா மீன் சுமந்து சந்தைக்குப் போவாள், வலை பொத்துவாள், வட்டிக்காரனுக்குப் பதில் சொல்வாள். மரத்தில் மட்டும் அவள் கால் பட்டதே இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஆசைக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

அப்பாவின் பாய் பருத்தித் துணியில் தைத்த முக்கோணப் பாய். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஒரு மூலை பழுப்பாகவும் நடுவே நீலமாகவும் இருக்கும். மதியம் மரங்கள் வரிசையாகக் கரைக்குத் திரும்பும்போது, முகம் தெரியாத தூரத்திலேயே அந்த நீலத் துண்டைப் பார்த்து "நம்ம மரம் வருது" என்று அம்மா சொல்லிவிடுவாள். பாயைக் காயப்போடுவது சின்ன வயதில் என் வேலை. ஈரத்தில் தூக்கமுடியாத கனமாக இருக்கும். காய்ந்ததும் உப்பு ஏறி அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். மடிக்க மடிக்கக் கையில் உப்புப் பொடி உதிரும். விடிவதற்கு முன்னே கரைக்காற்றைப் பிடித்துப் போவார்கள். ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலுக்கு ஓடும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று திரும்பிவிடும், அந்தக் காற்றிலேயே இவர்களும் திரும்பிவிடுவார்கள். காற்று மெலிந்தால் பனையோலைப் பட்டையில் கடல்நீரை அள்ளிப் பாயின்மேல் வீசுவார்களாம். நனைந்த துணியில் இழைக்கு இழை இடைவெளி அடைந்து, இருக்கிற கொஞ்சக் காற்றும் நழுவாமல் நிற்கும். இதைச் சொல்லும்போது இப்போதும் அப்பாவின் வலது கை தானாக வீசுகிறது.

1980களில் பிளைவுட் வள்ளமும் அவுட்போர்டு மோட்டாரும் எங்கள் கரைக்கு வந்தன. பாய் பரணுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்துபோன மனிதருக்கு மோட்டார் எவ்வளவு பெரிய விடுதலை என்று பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால், காற்றை வைத்தே கடலில் போய்த் திரும்பிய கடைசித் தலைமுறை இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா?

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். முதலில் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டேன். பெயர், வயது, எடை, நீந்தத் தெரியுமா, என்ன மருந்து சாப்பிடுகிறார், கடலில் வாந்தி வருமா என்று கட்டம் கட்டி எழுதினேன். "எடை எதுக்கு மைனி?" என்று தம்பி மனைவி போனில் சிரித்தாள். உயிர்க்காப்பு அங்கியை எடை பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பெரியவர்கள் அங்கி பிள்ளைகளுக்கு உதவாது என்றதும் மூன்று பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்து அன்றைக்கே அனுப்பிவிட்டாள். நோட்டு நிறைந்ததும் ஒரு விஷயம் முகத்தில் அறைந்தது. 27 பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் 6 பேர்தான். அதில் ஐந்து பேர் நீச்சல்குளத்தில் கற்றவர்கள். கடலில் நீந்திப் பழகியவர் அப்பா ஒருவர்தான். கடற்கரைக் குடும்பம் ஒன்று இரண்டே தலைமுறையில் இங்கே வந்து நிற்கிறது.

அடுத்தது தேதி. டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை எல்லோருக்கும் லீவு இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "கடலு நம்ம லீவு பாத்து அடங்காது மக்ளே. கடலுக்க நேரத்துக்கு நாமதான் போவணும்" என்றார். உட்கார்ந்து மாதம் மாதமாகக் கணக்குப் பார்த்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. வருடக் கடைசி, வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் ஒக்கிப் புயல் நமக்குச் செய்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 26 கடற்கரை ஊர்களுக்கு சுனாமி நினைவு நாள். அன்றைக்கு உல்லாசப் படகு ஏற எங்களுக்கு மனசு வராது. கோடை விடுமுறை என்றால் கள்ளக்கடல் பயம். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே இலைகூட அசையாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது அப்படியொரு கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த சமயத்தில்தான். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கே தடைக்காலம். தை மாதம் எப்படி என்று கேட்டேன். வாடைக்காற்று வெளியே தள்ளும், போவது சுலபம், திரும்புவதுதான் பாடு என்றார் அப்பா. மிஞ்சியது மாசி.

மாசியில் குவைத்துத் தம்பிக்கு லீவு கிடையாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும். குடும்பமாகக் கடலுக்குத் திட்டம் போடுகிற யாருக்கும் முதல் முட்டுக்கட்டை இதுதான். விமான டிக்கெட் எடுத்துவிட்டோம், எப்படியாவது போயே ஆகவேண்டும் என்று நிற்கும்போதுதான் தப்பான நாளில் படகு ஏறுகிறோம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கடலில் போய்வருகிற ஒரு பெரியவரைக் கேளுங்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அலை உயர எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, நம் செய்தித்தாள்களிலும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் படகு. கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் விவேகானந்தர் பாறைக்கு ஓடுவது எல்லோருக்கும் தெரியும். ஏறும்போதே அங்கி கொடுக்கிறார்கள். காற்று கூடினாலோ கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கண்டிப்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அது எஞ்சின் படகு, சில நிமிடப் பயணம். நாங்கள் தேடியது பாய். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிற மாவட்டத்தில், முறையான அனுமதியோடு ஒரு குடும்பத்தைப் பாய்ப்படகில் ஏற்றிச் செல்கிறவர் யாரையும் நான் விசாரித்த இடங்களில் காட்ட முடியவில்லை. கொச்சியில் கிடைக்கும் என்று மருமகன் இணையத்தில் தேடிச் சொன்னார். 83 வயது மனிதரை அரை நாள் ரயிலில் கூட்டிப்போய், அவருக்குப் பழக்கமில்லாத கடலில் ஏற்றுவதா என்று விட்டுவிட்டோம்.

மாவட்டத்தில் ஒரு காயலில், அதாவது கடலோர உப்பங்கழியில் (இடத்தின் பெயர் வேண்டாம், அந்த மனிதருடைய பிழைப்பு அது) படகு விடுகிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். பாய் கிடையாது, பைபர் வள்ளத்தில் மோட்டார் வைத்தது. "27 பேரையும் ஒரே நடையில ஏத்திரலாம் டீச்சர்" என்றார். அங்கி இருக்கிறதா என்று கேட்டேன். பலகைக்கு அடியிலிருந்து மூன்றை எடுத்துப் போட்டார். எல்லாம் பெரியவர்கள் அளவு. ஒன்றில் கொக்கி உடைந்து, வலைக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அமுக்கிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு பொடிந்து, நொறுங்கிய பிஸ்கட் பாக்கெட் மாதிரி நொறுநொறுத்தது. கூட வந்த தங்கை மகனுக்கு, ஆறு வயது, அதில் நல்லதாக இருந்த ஒன்றை மாட்டி எல்லா வாரையும் இறுக்கினேன். பிறகு தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினேன். அங்கி என் கையோடு வந்துவிட்டது. பிள்ளை கீழே நின்றான். தண்ணீரில் விழுந்தாலும் அதுதான் நடக்கும், அங்கி மிதக்கும், பிள்ளை மிதக்க மாட்டான். குழந்தைகள் அங்கியில் கால்களுக்கு நடுவே ஒரு வார் வருவது அதற்காகத்தான். பெற்றோர்களே, எந்தப் படகில் ஏறுவதானாலும் இந்தத் தூக்கிப் பார்க்கும் சோதனையைக் கரையிலேயே செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பெரும்பாலும் ஒரே உறவுக்காரர்கள், பண்டிகைக்காக எங்களைப்போல் கூடியவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் கவிழ்ந்த படகிலும் 22 பேர். அதில் 11 பேர் ஒரே குடும்பம். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டிய பிறகு ஓட்டிய படகு அது. இந்த இரண்டு செய்திகளையும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பண்டிகை நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். போட்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

குடும்பம் என்றால் எல்லோரும் ஒரே படகில் ஏறத்தான் மனசு கேட்கும். பிரிந்து இருக்கிறவர்கள் கூடுவதே அதற்குத்தானே. ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. யாராவது டால்பினைப் பார்த்து "அதோ ஓங்கல்!" என்று கை நீட்டினால் 27 பேரும் ஒரே பக்கம் சாய்வோம். போட்டோ எடுக்கவும் ஒரே பக்கம்தான் கூடுவோம். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேரைக் கொண்டுபோன விபத்தில் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் எங்கள் நோட்டில் 27 பேரை மூன்று படகாகப் பிரித்தேன். நீந்தத் தெரிந்தவர்கள் படகுக்கு இரண்டு பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு, ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் கிடையாது. அப்பா எந்தப் படகில் வருவார் என்பதில்தான் பெரிய சண்டை. இன்னும் தீரவில்லை.

அனுமதி விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மீன்பிடிப் படகு பற்றி மட்டும்தான் இங்கே கேட்கலாம் என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, எஞ்சின் இல்லாத படகுக்கு எங்களிடம் படிவமே இல்லையே அம்மா என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வழிதான் பிறக்கவில்லை. சட்டம் படிக்கிற தம்பி மகள், 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை எடுத்து, இயந்திரம் இல்லாத கலங்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருப்பதைக் காட்டினாள். சட்டத்தில் இடம் இருக்கும்போது மாவட்டத்தில் ஏன் இருக்கக் கூடாது?

என் கோரிக்கை பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பழையாறு கடலில் சேருகிற மணக்குடிக் காயலில், அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் தொந்தரவு செய்யாத ஒரு பகுதியை அளந்து கொடுங்கள். பாய்ப்படகு சத்தம் போடாது, டீசல் சிந்தாது, அந்த இடத்துக்குப் பொருந்தும். பொழி (காயல் கடலில் சேருகிற வாய்) மணலால் அடைந்திருக்கும் மாதங்களில் உள்ளே கடல் அலையும் இருக்காது. அங்கே இரண்டு மூன்று அகலமான பாய்ப்படகுகள் போதும். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவையுங்கள். நாலு வயதுப் பிள்ளை முதல் பெரியவர்கள் வரை எல்லா அளவிலும் அங்கி வேண்டும். இந்த வேகத்துக்கு மேல் காற்று வீசினால் படகு கிடையாது என்று ஒரு கணக்கு வேண்டும், அதை யார் சிபாரிசு பிடித்து வந்தாலும் மாற்றக் கூடாது. மீட்புக்கு ஒரு மோட்டார் படகு தயாராக நிற்கட்டும். மணக்குடி சரிப்படாது என்று வல்லுநர்கள் சொன்னால், குழித்துறையாறு சேருகிற தேங்காய்ப்பட்டணம் பக்கம் பாருங்கள்.

சுக்கான் பிடிக்க வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டாம். பாய் கட்டி ஓட்டின ஆட்கள் அறுபது, எழுபது வயதில் நம் கரை முழுக்க இருக்கிறார்கள். மலையைக் குறி வைத்துக் கணியம் பார்த்து, கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டைக் கண்டுபிடித்தவர்கள். காற்று எந்தப் பக்கம் மாறப்போகிறது என்பதை முகத்திலேயே உணர்ந்து சொல்பவர்கள். அவர்களுக்கு முதலுதவியும் மீட்பும் சொல்லிக்கொடுத்து, உடல் பரிசோதனை செய்து, சான்றிதழும் மாதச் சம்பளமும் கொடுங்கள். கூடவே இளவட்டங்கள் இரண்டு பேர் நின்று கற்றுக்கொள்ளட்டும்.

தம்பி பேத்தி ஒருத்தி, பதினொரு வயது, "பாய்க் கயிறை நானும் பிடிக்கலாமா?" என்று கேட்டாள். பாய்ப்படகுப் போட்டியில் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் பெண், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்க்கப்பலில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகளில் ரூபா புதுச்சேரிக்காரர். ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பாய்ப்படகு கற்றுப் போட்டிகளில் ஜெயிக்கிறார்கள். அது ஓர் ஏரி. நம் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தாத்தா. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாய் கிடையாது என்று முடிவு செய்துவிட்டோம். தெரிந்த ஒருவர் தன் மீன்பிடி வள்ளத்தில் விடியற்காலை யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். அன்போடு சொன்னார். மீன் பிடிக்கப் பதிவு செய்த வள்ளத்தில் 27 பேரை ஏற்றிவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய குடும்பமும் சேர்ந்து அழியும். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். டிசம்பர் 28 அன்று கடல் சரியாக இருந்தால், அரசுப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போவோம். மதியச் சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும், பிள்ளைகளுக்கு மட்டிப்பழமும் கட்டிக்கொண்டு வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். வெளியூரிலிருந்து வருகிற எல்லோருடைய போனிலும் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093 இரண்டையும் பதிந்துவைக்கச் சொல்லிவிட்டேன். மற்ற குடும்பங்களும் பதிந்துவைத்துக்கொள்ளலாம்.

பரணிலிருந்து பாயை இறக்கி வெயிலில் போட்டேன். நடுவே இருந்த நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஓரத்தில் எலி கடித்த இடத்தை அப்பாவே ஊசி வாங்கித் தைத்துக்கொண்டிருக்கிறார். இனி அடுத்த கூடலை மாசியில்தான் வைப்பது என்று ஐந்து பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். குவைத்துத் தம்பி அதற்காக இப்போதே லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். மணக்குடியில் அதற்குள் ஒரு பாய்ப்படகு வந்தால், 27 பேருடைய பெயரும் வயதும் எடையும் நோட்டில் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை,
நாகர்கோவில்.